வளையல் பார்த்து எழுதிய சீட்டு

காய்ச்சலைப் பற்றியும் மருத்துவமனையைப் பற்றியும் டாக்டர்கள்தான் எழுத வேண்டும். பள்ளி இறுதி வகுப்போடு நின்றுபோன ஒருவன் எழுதலாமா என்று யாராவது கேட்டால், கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் சென்ற வாரம், வெளிநோயாளிகள் சன்னலில் சீட்டு எழுதும் வேலை எனக்குக் கிடைத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கார்டு போட்டிருந்தார். "அந்த ஃப்ளூ காய்ச்சல் வந்த வருஷம் நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று ஒரே வரி.

இருந்தேன். அப்போது நான் செய்த தவறு ஒன்று உண்டு. அதை எனக்குப் பதிலாக வேறு யாரும் எழுத முடியாது. அதனால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணிக்கட்டு

முதலில் நினைவுக்கு வருவது ஒரு பெண்ணின் கை. முகம் இல்லை, கைதான். மணிக்கட்டில் கறுப்பு ரப்பர் வளையல் இரண்டு. அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு, வெயில் படும்போது மின்னியது.

காலை பத்து மணி இருக்கும். நொச்சிக்குப்பத்திலிருந்து சைக்கிள் ரிக்ஷாவில் வைத்து அவளை அவள் கணவர் கூட்டி வந்திருந்தார். பெண்களோடு துணைக்கு வரும் ஆண்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அவள் கழுத்திலிருந்து கால்வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தனியாக என் மேசை முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"பேரு?"

"கன்னியம்மா."

"வயசு?"

"இருவது கீது. கூட ஒண்ணு வேணா போட்டுக்கோ."

இழுப்பு உண்டா, நெஞ்சில் கோளாறு உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். ஏழாவது கேள்வி வந்தது. அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். "இல்லை" என்று நானே எழுதினேன்.

தாழ்வாரத்தின் கோடியில் அவளுக்குப் பாய் கொடுத்தார்கள்.

எட்டுக் கேள்விகள்

அந்த ஏழாவது கேள்வி என்ன என்று சொல்வதற்கு முன் கேள்விகள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் கடைசி. மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்த சமயம். மயிலாப்பூரே இருமிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறினால் நீலகிரித் தைல வாசனை. தெப்பக்குளத்தருகே காய்கறி விற்பவர்கள்கூடத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடி எடை போட்டார்கள். எங்கள் மருத்துவமனையில் பழைய கட்டடம் ஒன்றைத் திறந்து, சுண்ணாம்பு அடித்து, ஃபீனால் ஊற்றிக் கழுவி, காய்ச்சல் வார்டு என்று பலகை மாட்டினார்கள். உள்ளே ஆண், பெண் எல்லோருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கட்டில், இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர். மற்றவர்களுக்கு வெளியே நீளமான தாழ்வாரத்தில் பாய்.

யார் கட்டிலுக்கு, யார் பாய்க்கு? அதுதான் கேள்வி.

வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண் டாக்டர். மயிலாப்பூர் மாடவீதிக்காரர். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடி. அவர் மாணவியாக இருந்த காலத்தில் இதே மாதிரிக் காய்ச்சல் ஒன்று வந்து போனதாம். அப்போது யார் பிழைத்தார்கள், யார் போனார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார்.

"கொதிக்கக் கொதிக்க ஜுரத்தோட வந்தவாள்லாம் நாலு நாள்ல எழுந்து காப்பி கேட்டா. சாதாரணமா நடந்து வந்தவா சில பேர் போயிட்டா. ஏன்னு பாத்தேன். போனவாளுக்கெல்லாம் உள்ளே ஏற்கெனவே ஏதோ ஒண்ணு இருந்திருக்கு" என்பார். "ஜுரம் எவ்வளவுன்னு பாக்காதே வேலு. யாருக்குன்னு பாரு."

அதற்காக ஒரு அரைத்தாள் சீட்டு அச்சடித்தார். எட்டுக் கேள்வி. வயது அறுபதுக்கு மேலா. இழுப்பு உண்டா. இதயக் கோளாறு உண்டா. சர்க்கரை உண்டா. சிறுநீரகக் கோளாறு உண்டா. பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா. கர்ப்பமா. முன்பு நிமோனியா வந்ததுண்டா. எதற்காவது "ஆம்" வந்தால் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டம் போட்டவர் உள்ளே, கட்டிலில். இரண்டு மணிக்கு ஒரு முறை நர்ஸ் வந்து நாடி பார்ப்பார், மூச்சை எண்ணுவார். வட்டம் இல்லாதவருக்குக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

சீட்டின் அடியில் "முடிவு" என்று ஒரு வரி காலியாக இருக்கும். வீட்டுக்குப் போனால் "வீடு" என்று நான் எழுதுவேன். மற்றதை டாக்டரே எழுதுவார்.

உள்ளதைச் சொன்னவர் குறைவு

கேள்வி கேட்பது சுலபம் என்று நினைத்தேன். மனிதர்களுக்குத் தங்கள் வியாதியைச் சொல்ல எவ்வளவு கூச்சம் என்பது அந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி வந்தார். திருநெல்வேலிப் பக்கம். கூடவே கடைச் சிப்பந்திகள் நாலு பேர்.

"அண்ணாச்சி, சர்க்கரை உண்டா?"

"எனக்கா? என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீரு! கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

சிப்பந்திகள் தலையாட்டினார்கள். அவர்களை அனுப்பிய பிறகு என் காதருகே குனிந்தார். "பத்து வருஷமா இருக்கு. ஊசி போட்டுக்கிடுதேன். பயலுவ முன்னால கேட்டா என்னத்தச் சொல்ல?"

இன்னொருவர் பீடிப் பழக்கமே இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார். பீடி அவர் காதில் செருகியிருந்தது.

இவர்களை நினைத்து நான் மனதுக்குள் சிரித்ததுண்டு. சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

ஏழாவது

நான் பிறவிக் கூச்சக்காரன். பள்ளியில் தாகம் எடுத்தால்கூட எழுந்து நின்று கேட்க மாட்டேன். மணி அடிக்கும்வரை நாக்கைச் சப்பிக்கொண்டிருப்பேன். கூடப் பிறந்த பெண்கள் கிடையாது. அப்போது கல்யாணமும் ஆகவில்லை. இப்படிப்பட்டவன், முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்து, "நீங்கள் கர்ப்பமா?" என்று கேட்க வேண்டும் என்றால்?

முதல் நாள் ஒரே ஒரு பெண்ணிடம் கேட்டேன். கேட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, முனகினேன். அவள், "இன்னாது?" என்று குரலை உயர்த்தினாள். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. "ஒண்ணுமில்லே" என்று சொல்லி எட்டாவதுக்குத் தாவிவிட்டேன்.

அதன் பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊரில் வளைகாப்பு நடந்த வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியின் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கியிருக்கும். ஆகவே கை நிறையக் கண்ணாடி வளையல் இருந்தால் "ஆம்". இல்லாவிட்டால் "இல்லை". யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். முகத்தையும் பார்க்க வேண்டாம்.

வழி நன்றாகவே வேலை செய்தது. கை நிறைய வளையலோடு வந்த இரண்டு பேரைச் சரியாக உள்ளே அனுப்பினேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு சந்தோஷம்.

தொடாத ரொட்டி

கன்னியம்மா வந்த மறுநாள் காலை. வார்டு ஆயா சரோஜா ரொட்டியும் பாலும் கொடுத்துக்கொண்டு போனாள். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் இருப்பவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். எனக்குச் "சீட்டு சாரு" என்று பெயர் வைத்தது அவள்தான். என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது.

"சீட்டு சாரு, உன் டப்பால ஊறுகா கீதா?"

"எதுக்கு?"

"தோ, அந்தக் குப்பத்துப் பொண்ணு ரொட்டியத் தொடவே இல்ல. புள்ளத்தாச்சிக்கு இந்த வெத்து ரொட்டி எப்டி எறங்கும்?"

"யாரு புள்ளத்தாச்சி?"

"யாரா? கன்னியம்மாதான். ஆறு மாசம். உன் கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி?"

"கையில வளையல் இல்லையே..."

சரோஜா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அட தேவுடா! வளகாப்பு தலச்சனுக்குத்தான்யா. இவளுக்கு இது ரெண்டாவது. அதுவும் ஆறாம் மாசத்துல யாரு போடுவாங்க? கல்யாணம் கட்டாத ஆள இட்டாந்து இந்த நாற்காலில குந்த வெச்சாங்க பாரு, அவங்களச் சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து தாழ்வாரத்தின் கோடிக்குப் போனேன். அப்போதுதான் கன்னியம்மாவின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். சின்ன முகம். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

"மூச்சு முட்டுது நைனா."

நர்ஸ் செய்வதைப் பார்த்திருந்ததால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பது.

"புள்ள உண்டாயிருக்கிறதை நேத்தே ஏன்மா சொல்லலே?" என்றேன். என்ன ஒரு தைரியம் எனக்கு!

"நீ கேக்கலியே." மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "மொத புள்ள மூணு மாசத்துல பூட்ச்சி. இதுனாச்சும் தங்கணும்."

மேசைக்குத் திரும்பினேன். அவள் சீட்டு, கட்டின் மேலேயே இருந்தது. "இல்லை"யை அடித்து "ஆம்" என்று எழுதி, ஒரு சிவப்பு வட்டம் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. பென்சிலைக் கையில் எடுத்தும் விட்டேன். ஆனால் சீட்டை டாக்டர் இனி மாலைச் சுற்றில்தான் பார்ப்பார். மாலைவரை அந்தப் பெண் தாங்குவாளா?

டாக்டரின் அறையில் அப்போது மாணவர்களுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டர் இரண்டு பேர் வேறு இருந்தார்கள். கதவருகே போனால் ப்யூன் விரட்டுவான். என் வேலையோ தற்காலிக வேலை. இதெல்லாம் நினைவுக்கு வந்தது. வந்தும் கால் நடந்துவிட்டது. ப்யூனைத் தாண்டிக் கதவைத் தள்ளினேன்.

"டாக்டர், நான் தப்பா எழுதிட்டேன்!"

அவ்வளவு சத்தமாக அதற்கு முன்பும் நான் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை.

"என்னத்தை?"

"தாழ்வாரத்துல ஒரு கர்ப்பிணி. ஆறு மாசம். இல்லைன்னு எழுதிட்டேன். மூச்சு நாப்பது இருக்கு."

"யார் எண்ணினா?"

"நான்தான்."

அதற்குள் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நடந்துகொண்டிருந்தார்.

இருபத்தாறு பேர்

கன்னியம்மாவை உள்ளே தூக்கிப் போனார்கள். முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, ஊசி போட்டார்கள். எல்லாம் முடிந்து கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அவ இல்லைன்னாளா, நீ கேக்கலையா?"

"கேக்கலை."

"பின்னே எப்படி எழுதினே?"

"வளையல் பாத்து."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"இப்பவே போ. தாழ்வாரத்துல இருக்கிற அத்தனை பொம்மனாட்டியையும் கேட்டுண்டு வா. பதினோரு மணிக்குள்ளே எனக்கு வேணும். வெக்கத்தை நாளைக்குப் பட்டுக்கலாம்."

தாழ்வாரத்தில் இருபத்தாறு பெண்கள். சரோஜா துணைக்கு வந்தாள். துணைக்கா, வேடிக்கை பார்க்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் பாயருகே போய், தூணைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"தூணு உண்டாகலியாம், சீட்டு சாரு. அந்தம்மாவப் பாத்துக் கேளு" என்றாள் சரோஜா.

ஐந்தாறு பேரைத் தாண்டுவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. கடைசிப் பாயில் பல் இல்லாத ஒரு கிழவி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள்: "எனுக்கு எட்டு மாசம்டா ராசா. வளையலு நீதான் வாங்கியாரணும்."

தாழ்வாரமே சிரித்தது. சிரித்தவர்களுக்கெல்லாம் இருமல் வந்தது. இருமிக்கொண்டே மறுபடியும் சிரித்தார்கள். நர்ஸ் ஓடிவந்து என்னைத்தான் முறைத்தார்.

இன்னும் மூன்று கர்ப்பிணிகள் இருந்தார்கள். அதில் ஒருவர் அசோக் நகர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, நான் நகர்ந்ததும் சரோஜாவின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணமாகி வீட்டில் மருமகன் இருக்கிறாராம். இந்த வயதில் தனக்கு நாலு மாதம் என்று எந்த வாயால் சொல்வது? உலகத்தில் நான் ஒருவன்தான் கூச்சக்காரன் என்று எண்ணியிருந்தேன். அன்று அந்த எண்ணம் கொஞ்சம் மாறியது.

நாலு பேருக்கும் கட்டில் கிடைத்தது. அதற்காகத் துணிக்கடை அண்ணாச்சி, காய்ச்சல் இறங்கியவர், தானே எழுந்து பாய்க்கு வந்தார். "பாயில படுத்து வளந்த ஒடம்புதானய்யா" என்றார்.

இதையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்த மூவரில், அடையாற்றுப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு இரண்டு நாளில் குழந்தை தங்காமல் போயிற்று. அவள் பிழைத்தாள். முன்பே கட்டிலில் இருந்திருந்தால் தங்கியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கும்னும் சொல்ல மாட்டேன், இருக்காதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுத வேண்டாம்.

வாசலில் ஒருவர்

கன்னியம்மாவின் கணவர் காலையும் மாலையும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடலுக்குப் போகவில்லை. என்னைக் கண்டதும் ஒரே கேள்விதான்.

"நைனா, ரெண்டும் நல்லா கீதா?"

"டாக்டர் பாத்துக்கிறாங்க" என்பேன். வேறு என்ன சொல்ல?

மூன்றாம் நாள் தூக்குச்சட்டியில் மீன் குழம்பு கொண்டு வந்தார். உள்ளே கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் திருப்பிவிட்டார். அதை அப்படியே என் கையில் கொடுத்து, "நீ துன்னு. அவளப் பாத்துக்கினு கீறியே" என்றார். அந்தச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். நான் கேட்கவில்லை, வளையலைப் பார்த்து எழுதினேன், அதனால்தான் ஒரு நாள் வீணாயிற்று என்று.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"நானுந்தான் சொல்லல நைனா" என்றார் கம்பியைப் பார்த்துக்கொண்டே. "காச்சல்னு மட்டும் சொல்லி உள்ள உட்டேன். பொம்பள சமாச்சாரத்த ஆம்பளைங்ககிட்ட எப்டி சொல்றதுன்னு உட்டுட்டேன்." அப்புறம், "துன்னு, ஆறிடப் போவுது" என்றார்.

சாப்பிட்டேன். காரம். கண்ணில் தண்ணீர் வந்தது காரத்தினால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மரக்குழல்

நாலாம் நாள் காலை கன்னியம்மாவுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. மூச்சு இருபத்து நாலு. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. ஆனால் அவள் யாரோடும் பேசவில்லை. முந்தின நாள் மாலையிலிருந்து வயிற்றில் அசைவே தெரியவில்லை என்று சரோஜாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

டாக்டர் வந்தார். கையில் மரத்தில் கடைந்த சின்னக் குழல். ஒரு முனையை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்தார். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. சீட்டுக் கட்டோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

டாக்டர் குழலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். கேட்டார். மறுபடியும் எடுத்தார். கன்னியம்மா வயிற்றைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜா கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போடவும் இல்லை, பெருக்கவும் இல்லை. வெளியே தாழ்வாரத்தில் யாரோ இருமினார்கள். "உஸ்" என்றார் டாக்டர்.

மூன்றாவது இடத்தில் வைத்தார். ரொம்ப நேரம் கழித்து அவருடைய இடது கைவிரல் மட்டும் கட்டில் சட்டத்தில் தட்ட ஆரம்பித்தது. டக்டக், டக்டக், டக்டக். வேகமாக, விடாமல்.

"கேக்கறது" என்றார். "குதிரை மாதிரி ஓடறது."

கன்னியம்மா முகத்தை மூடிக்கொண்டாள். சரோஜா, "பொறக்கட்டும், சீட்டு சாரு பேரையே வெச்சிரலாம்" என்றாள். "வாணாம்மா, அப்புறம் வாயத் தொறக்காது" என்றாள் கன்னியம்மா கைக்குள்ளிருந்தே. அவள் அங்கே வந்து சொன்ன முதல் கிண்டல் அது.

அவள் கணவரிடம் சொல்ல நான் வாசலுக்கு ஓடினேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. தாழ்வாரத்தில் பாய் போட்டார்கள். ஐந்து நாள் வேலை பார்க்கவில்லை. அந்த ஐந்து நாளும் சரோஜா கேள்விகளைக் கேட்க, நர்ஸ் சீட்டு எழுதினார். கன்னியம்மாவின் சீட்டில் "வீடு" என்று எழுதியதும் அவர்தான்.